அறப்புரை வீட்டுக்கு ஓர் இணையதளம்: முதல் பக்கத்தில் எதை வைக்கலாம்?

அறப்புரைப் பேத்தி (தக்கலைப் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாக வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் வீடு இருக்கிறது. அயினி மரமும் ஓடுமாகக் கட்டிய வீடு. நடுவில் நெல் போட்டுவைக்கும் அறப்புரை, அதைச் சுற்றித்தான் மற்ற அறைகள் எல்லாம். தாத்தா திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சொந்தத் தபாலான அஞ்சலில் மாஸ்டராக இருந்தவர். அந்தக் காலத்தில் ஊருக்கு அஞ்சல் ஆபீஸ் எங்கள் கிழக்குத் திண்ணைதான். 1951-ல் திருவிதாங்கூர் அஞ்சல் இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தபோது ஆபீஸ் கடைத்தெருவுக்குப் போய்விட்டது. மேசை, பித்தளைத் தராசு, அஞ்சலோட்டக்காரர் பிடித்துக்கொண்டு ஓடிய மணி கட்டிய கம்பு எல்லாம் இங்கேயே தங்கிவிட்டன. அம்மா, மாமா, சித்தி மூன்று பேரும் ஒத்துக்கொண்டு போன வருஷம் வீட்டை ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார்கள். சித்திரையிலிருந்து ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். நானும் பக்கத்து வீட்டு அக்காவும் மாறி மாறி இருந்து காட்டுகிறோம்.

இணையதளம் வேணும் என்று ஆரம்பித்தது குவைத்தில் இருக்கும் தம்பி. பணமும் அவன்தான் போடுகிறான். ஒரு கம்பெனியில் பேசி மாதிரி செய்து வாங்கினோம். 85,000 ரூபாய் கேட்கிறார்கள். திறந்ததும் வீணை கேட்கிறது, வீட்டுக்கு மேலே டிரோன் சுற்றுகிறது, அப்புறம் ஐந்து படங்கள் தானாக மாறி மாறி வருகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் போனில் அது திறந்து முடிவதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கிவிட்டது. எத்தனை மணிக்குத் திறப்போம் என்பது எங்கேயும் இல்லை. எல்லாவற்றையும்விட, படத்தின் மேல் பெரிய எழுத்தில் '1079-ல் கட்டப்பட்ட ஆயிரமாண்டு மாளிகை' என்று போட்டுவிட்டார்கள்.

அந்த 1079 கொல்லம் ஆண்டு, திருவிதாங்கூரில் அன்று புழங்கிய ஆண்டுக் கணக்கு. மச்சுப்படிக்கு மேலே உத்தரத்தில் ௲௭௰௯ பங்குனி என்று செதுக்கியிருக்கிறது. ஆங்கிலக் கணக்கில் 1904 மார்ச், ஏப்ரல் வரும். கட்டியது தாத்தாவின் அப்பா. நூற்றிருபது வருஷம் தாண்டிய வீடு. எங்களுக்கு அது போதும். ஆயிரம் வருஷம் என்று எழுதினால் படித்தவர்கள் ஒருத்தரும் நாங்கள் சொல்லும் மற்றதையும் நம்பமாட்டார்கள். தம்பியிடம் சொன்னேன், 'சின்னப் பிழைதானே அக்கா, மாற்றச் சொல்லலாம்' என்கிறான். எனக்கு மனசு ஆறவில்லை.

எனக்குள்ள ஆசை, அறப்புரையின் நிரைப்பலகையைக் காட்டவேண்டும் என்பது. அதற்குக் கதவு கிடையாது. மேலேயும் கீழேயும் காடி வெட்டிய சட்டம், அதில் பலகைகளை ஒவ்வொன்றாகச் சொருகிக்கொண்டே வந்து கடைசிப் பலகையைப் பூட்டுவார்கள். மொத்தம் பதினெட்டு. எந்தப் பலகை எங்கே போகும் என்று தெரிய ஒவ்வொன்றின் மேல்மூலையிலும் உளியால் எண் வெட்டியிருக்கிறது, தமிழ் எண். ஒன்பது வரை ஒற்றைக் குறி. பத்துக்கு ௰. பதினொன்று ௰௧, பன்னிரண்டு ௰௨. இப்போது நாம் எழுதுகிற மாதிரி இரண்டு ஒன்றைப் பக்கத்தில் பக்கத்தில் போடவில்லை, பத்தும் ஒன்றும் என்று எழுதியிருக்கிறார்கள். வருகிற பிள்ளைகள் 'ய', 'யக', 'யஉ' என்று வாசிக்கும். சொல்லிக்கொடுத்ததும் விரல் வைத்து அத்தனையையும் எண்ணிக்கொண்டே போகும். திறக்கும்போது முதலில் எடுப்பது பதினெட்டாம் பலகை. அதன் ஓரம் மட்டும் கை பட்டுப் பட்டு வழுவழு என்று உள்வாங்கியிருக்கிறது, மற்றப் பலகைகளில் அப்படி இல்லை. பதினாலாம் பலகை காணோம். அந்த இடத்தில் எண் வெட்டாத ஒரு மாம்பலகை நிற்கிறது. நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான். எப்போது மாறியது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

இதை ஒரு தளத்தில் எப்படிக் காட்டுவது? முதல் பக்கத்தில் என்ன வைப்பது? தமிழ் மட்டும் போதுமா, மலையாளமும் வேணுமா? நேரம் மாறினால் நானே போனில் மாற்றிக்கொள்ள முடிகிற மாதிரி இருக்குமா? இன்னொன்று, மாமா 2002-ல் குடும்ப வரலாறு நாற்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறார். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. என் கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. மாமாவுக்கு வயது எண்பத்தொன்று, திரும்ப அடிக்கச் சொல்ல முடியாது.

ஓட்டுக்கூரை (செங்கோட்டை)

அக்கா, எங்கள் பெரியப்பா வீட்டுக்கு நான் இதையே செய்தவன். நாங்களும் 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவர்கள்தானே, உங்கள் கொல்லம் ஆண்டுச் சங்கடம் எனக்குப் புரிகிறது. எங்கள் பத்திரம் எல்லாம் அந்தக் கணக்குதான். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824 கூட்டணும், அதற்கப்புறம் 825. பங்குனி என்பதால் உங்களுக்கு 825, 1904 சரி. தளத்தில் எங்கே ஆண்டு வந்தாலும் 'கொல்லம் 1079 (1904)' என்று இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் நாளைக்கு வேறொருவர் எடுத்து இதே தவறைச் செய்வார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லணும். எங்கள் தளத்தைச் செய்து கொடுத்தவர் தள முகவரியை (டொமைன்) தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிந்துவிட்டார். நாங்களும் கேட்கவில்லை. நாலாம் வருஷம் அவர் தொழிலை விட்டுவிட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதம் எல்லாம் அவருக்கே போயிருக்கிறது. ஒரு நாள் காலையில் எங்கள் முகவரியைத் தட்டினால் ஏதோ சூதாட்ட விளம்பரம் வருகிறது. வாசல் பலகையில், பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்த நோட்டீசில் எல்லாம் அதே முகவரி. பெரியப்பா உயிரோடு இருக்கும்போது நடந்தது. கறுப்பு மை வாங்கி அவரே நோட்டீஸ் ஒவ்வொன்றிலும் அந்த வரியை அழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதனால் சொல்கிறேன், கம்பெனியோ தெரிந்த பையனோ, தளத்தை யார் செய்தாலும் முகவரியை அறக்கட்டளையின் பெயரில் நீங்கள்தான் பதியணும். அறக்கட்டளைக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று, அதன் கடவுச்சொல் உங்களிடமும் தம்பியிடமும். டாட் இன் முகவரி வருஷத்துக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் வரும். ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். '.இந்தியா' என்று தமிழிலேயே முடியும் முகவரியும் வாங்கலாம், ஆனால் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். போனில் ஒருவருக்குச் சொல்வதற்கு டாட் இன் லேசு.

முதல் பக்கம். குற்றால சீசனில் எங்களுக்கு வருகிறவர்கள் ஆரியங்காவு வழியாக இறங்கும் கேரள வண்டிகள். காருக்குள் உட்கார்ந்து ஒருத்தர் போனைப் பார்க்க, மற்றவர்கள் 'என்னாச்சு, திறந்திருக்கா' என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். இன்றைக்குத் திறந்திருக்கா, எத்தனை மணி வரை, வண்டி நிறுத்தலாமா, யாருக்குப் போன் போடணும். இவ்வளவும் விரலால் தள்ளாமலே தெரியணும். வீட்டின் ஒரே ஒரு படம், அசையாத படம். வீணை வேண்டாம். கோயிலிலோ பஸ்ஸிலோ இருந்து திறந்தால் சட்டென்று சத்தம் வந்து மூடிவிடுவார்கள்.

தளத்துக்கும் முன்னால் கூகுள் மேப்பில் வீட்டைப் பதிந்து நேரத்தைச் சரியாகப் போடுங்கள். காசு கிடையாது. எங்களுக்கு வருகிறவர்களில் பலர் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள், தளத்தைப் பார்ப்பது ஊருக்குப் போனபிறகு. வீட்டை ஒரு தடவை கண்ணால் பார்த்தவர்களுக்கு அப்புறம்தான் வாசிக்க ஆசை வருகிறது. அதனால் உள்பக்கங்களை நிதானமாக, நீளமாகவே எழுதலாம், தவறில்லை.

உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. உங்கள் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அது நிற்பது நம் மாநிலத்தில், பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை என்பதால் விடுமுறை தெரியாமல் வருகிறவர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வந்து பூட்டிய வாசலில் நிற்பார்கள். திங்கள் உங்களால் திறக்க முடியுமானால் அதை முதல் வரியில் போடுங்கள்.

படங்கள். போனில் எடுக்கும் படம் நாலு, ஐந்து எம்பி இருக்கும். அகலம் 1600 பிக்சலுக்குக் குறைத்து வெப்-பி (WebP) என்ற படவகைக்கு மாற்றினால் பெரும்பாலும் 300 கேபிக்குள் வந்துவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இன்னொரு காரியம்: போன் படத்துக்குள் எடுத்த இடத்தின் குறிப்பு ஒளிந்திருக்கும். விலையுள்ள விளக்கு, உருளி, சுவடி ஏதாவது சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ பத்திரமாக வைத்திருந்தால், அங்கே எடுத்த படத்தை ஏற்றுமுன் அந்தக் குறிப்பை அழியுங்கள். வீட்டின் வரைபடம் போடவேண்டாம். இராத்திரி ஆள் இல்லை என்பது எந்த வரியிலும் தெரியக்கூடாது. பழைய சாமான் வாங்குகிறவர்கள் இந்தத் தளங்களை நம்மைவிடக் கவனமாக வாசிக்கிறார்கள். நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளும், சரித்திர மதிப்புள்ள 75 வருஷம் தாண்டிய சுவடியும் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். 'எதுவும் விற்பனைக்கு இல்லை' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், போன் தொல்லை பாதி குறையும்.

பொருள் பட்டியலுக்கு ஒமேகா (Omeka) என்று இலவச மென்பொருள் இருக்கிறது, அருங்காட்சியகம், நூலகம் போன்றவற்றுக்கென்று செய்தது. இப்போதே வேண்டாம். ஓர் எக்செலில் எண், பெயர், எதனால் செய்தது, அளவு, யார் கொடுத்தது என்று எழுதிக்கொண்டே வாருங்கள், பின்னால் அப்படியே ஏற்றலாம். தளத்துக்கு வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள் போதும், போனிலேயே நேரத்தை மாற்றலாம். தம்பியின் 85,000-ல் நல்ல புகைப்படக்காரரை இரண்டு நாள் கூப்பிடுங்கள். மிச்சத்தில் ஓடு மாற்றுங்கள்.

எழுத்துருப் பட்டறை (மார்த்தாண்டம்)

பலகை எண் பற்றி மட்டும் சொல்கிறேன், அதுதான் என் தொழில்.

பிள்ளைகள் 'யக' என்று வாசித்தது போலவே தளம் செய்கிறவர்களும் ய, க என்று எழுத்தையே அடித்து வைப்பார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். ௧ பார்க்க க, ௨ பார்க்க உ, ௭ பார்க்க எ, ௮ பார்க்க அ. ஆனால் பார்வையில்லாத ஒருவருக்குத் திரையை வாசித்துக்காட்டும் மென்பொருள் அதை 'யக' என்றே சொல்லும், பதினொன்று என்று சொல்லாது. எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் தனி இடம் கொடுக்கும் பொதுமுறையான யூனிகோடில் தமிழ் எண்களுக்குத் தனி இடம் இருக்கிறது, ௰ (பத்து), ௱ (நூறு), ௲ (ஆயிரம்) மூன்றுக்கும் தனித்தனியாக இடம் உண்டு. தமிழுக்கு ௦ (சுழியம்) அதில் சேர்ந்ததே 2005-ல்தான். உங்கள் தச்சருக்கு அது தேவைப்படவும் இல்லை, பத்துக்கு அவரிடம் தனிக் குறி இருந்தது. எண்ணாகவே அடியுங்கள், பக்கத்தில் 'பதினொன்றாம் பலகை' என்று சொல்லாகவும் எழுதுங்கள். எல்லா எழுத்துருவிலும் இந்த எண்கள் இருக்காது, இல்லாத இடத்தில் வெறும் கட்டம் வரும். 'நோட்டோ சான்ஸ் தமிழ்' என்ற எழுத்துருவில் இருக்கிறது, இலவசம்.

பலகைகளையே தளத்தின் உள்பக்கங்களாக வைக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். பதினெட்டுப் பலகையும் வரிசையாக நிற்கும் ஒரே படம். ஒன்றைத் தொட்டால் அந்த எண், அதன் கீழ் வீட்டின் ஒரு கதை. ஒன்றில் உத்தரத்து ஆண்டு, ஒன்றில் அஞ்சல் மேசை, ஒன்றில் தராசு. அறப்புரையைத் திறக்கும் வரிசையிலேயே, பதினெட்டிலிருந்து தொடங்கலாம்.

தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும். வரி இடைவெளி எழுத்து அளவைப்போல் 1.6 மடங்காவது வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மேல் வரியின் கீழ்ச்சுழி கீழ் வரியின் மேல்சுழியில் முட்டும். தலைப்பில் நீளமான சொல் கூடாது. 'காட்சிப்படுத்தப்பட்டிருக்கிறது' என்று பெரிய எழுத்தில் போட்டால் போன் திரையைத் தாண்டி ஓடிவிடும். தலைப்பைப் படமாகச் செய்து ஒட்டவும் கூடாது, தேடினால் கிடைக்காது.

மாமாவின் நாற்பது பக்கமும் பத்திரமாகத்தான் இருக்கிறது, கவலை வேண்டாம். பாமினியில் அடித்தது கோப்புக்குள் இங்கிலீஷ் எழுத்தாகவே கிடக்கும், எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்றவை ஒரு நிமிஷத்தில் யூனிகோடுக்கு மாற்றிவிடும். மாற்றியபிறகு மாமாவை உட்காரவைத்து ஒரு தடவை வாசித்துக்காட்டுங்கள். ரகரமும் துணைக்காலும் சில இடத்தில் மாறியிருக்கும். அவர் நடுவில் இங்கிலீஷில் அடித்த சொல்லெல்லாம் பொருளற்ற தமிழாகியிருக்கும். மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள்.

கரமனை மருமகள் (திருவனந்தபுரம்)

மலையாளம் கட்டாயம் வேணும் அக்கா. ஆனால் தமிழ்ப் பக்கத்தை அப்படியே மொழிபெயர்க்காதீர்கள். இங்கிருந்து வருகிறவர்களுக்கு அறப்புரை, நிரை, பத்தாயம் எல்லாம் வீட்டுச் சொல், விளக்கவே வேண்டாம். அஞ்சலோட்டக்காரரின் மணிக்கம்பும் இங்கே பெரியவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குப் புதிது அந்தத் தமிழ் எண்கள்தான், அதை நிறுத்தி நிதானமாகச் சொல்லணும். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இது தலைகீழ். கொல்லம் ஆண்டு என்றால் என்ன, ஏன் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு காலத்தில் வேறு தபால் இருந்தது, அதன் தபால் தலையில் இருக்கும் சங்கு முத்திரை யாருடையது, எல்லாம் சொல்லணும். ஒரே வீடு, ஆனால் இரண்டு பேருக்கும் சந்தேகம் வேறு வேறு இடத்தில். தானியங்கி மொழிபெயர்ப்பைப் போட்டு விட்டுவிடாதீர்கள். மலையாளப் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.

ஒன்று கேட்கணும். அறப்புரை வாசல் எவ்வளவு உயரம்? எங்கள் மாமியார் சக்கர நாற்காலியில் இருக்கிறார்கள். போன மாதம் ஓர் இடத்துக்கு நூறு கிலோமீட்டர் போய், வாசலில் ஐந்து படியைப் பார்த்துவிட்டு அவர்கள் மட்டும் காரிலேயே இருந்தார்கள். இரண்டு மணி நேரம். தளத்தில் ஒரு வரி இருந்திருந்தால் நாங்கள் வேறு இடம் போயிருப்போம்.

அறப்புரைப் பேத்தி

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. தங்கச்சி, நீங்கள் கேட்டதும் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். முன்வாசலில் மூன்று படி, ஒவ்வொன்றும் ஏழு அங்குலம். கிழக்குத் திண்ணைப் பக்கம் படி இல்லை, முற்றத்தில் இருந்து நேரே வரலாம், அஞ்சல் மேசை வரை நாற்காலி வரும். அறப்புரை வாசல் நாலரை அடி, குனிந்துதான் நுழையணும், நாற்காலி போகாது. திண்ணையில் உட்கார்ந்தபடியே பார்க்கப் பலகைகளின் படத்தைப் பெரிதாக அச்சடித்து அங்கே வைக்கப்போகிறேன். மாமியாரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அண்ணாச்சி, முகவரி என் பெயரில் இல்லாமல் அறக்கட்டளை பெயரிலேயே நேற்று வாங்கியாச்சு. தம்பியிடம் உங்கள் பெரியப்பா மை வைத்து அழித்த கதையைச் சொன்னேன். அதற்கப்புறம் அவன் டிரோனைப் பற்றிப் பேசவில்லை. திங்கட்கிழமை திறக்கப் பக்கத்து வீட்டு அக்கா சம்மதித்துவிட்டார்.

முதல் பக்கத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

'அறப்புரை வீடு, தக்கலை. கொல்லம் 1079 பங்குனியில் (1904) கட்டியது. திங்கட்கிழமையும் உண்டு. காலை 10 முதல் மாலை 4.30 வரை. வியாழன் விடுமுறை. கட்டணம் இல்லை. முற்றத்தில் நாலு கார் நிற்கும், பெரிய வேன் சாலையில்தான் நிற்கணும். முன்வாசலில் மூன்று படி, கிழக்குத் திண்ணைக்குப் படி இல்லை. எதுவும் விற்பனைக்கு இல்லை. பதினாலாம் பலகை வீட்டில் இல்லை. அயினி, ஏறக்குறைய நாலரை அடி நீளம், ஒரு சாண் அகலம், மேல்மூலையில் ௰௪ என்று வெட்டியிருக்கும். கண்டவர்கள் தயவுசெய்து சொல்லவும்.'

எழுத்துருப் பட்டறை (மார்த்தாண்டம்)

'௰௪' பக்கத்தில் 'பார்வைக்கு ய, ச போல இருக்கும்' என்று சேருங்கள். கண்டவர் எழுத்து என்றுதான் நினைத்திருப்பார்.

கரமனை மருமகள் (திருவனந்தபுரம்)

இன்று இராத்திரி மலையாளம் அனுப்புகிறேன். 'சாண்' அப்படியே இருக்கட்டும், இங்கேயும் சாண்தான். வியாழன் விடுமுறை உறுதிதானே?

அறப்புரைப் பேத்தி

உறுதி. அக்காவுக்கு அன்றைக்குச் சந்தை.